பாதி ஆட்டத்தில் விதி மாற்றலாமா?

நம்ம பாலிடெக்னிக்கில் ஸ்கீம் மாறினால் என்ன நடக்கிறது? பழைய ஸ்கீமில் சேர்ந்து அரியர் வைத்திருப்பவனுக்குப் பழைய ஸ்கீம் கேள்வித்தாள்தான் வருகிறது. "புதுப் பாடத்தை ஏன்டா படிக்கலை?" என்று யாரும் கேட்பதில்லை. (கேட்டால் யூனியன் சும்மா இருக்குமா!) இந்தச் சின்ன நியாயம் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஏனோ புரிய மாட்டேன் என்கிறது.

2002 ஜனவரியில் உயர்திறன் படைத்த வெளிநாட்டவருக்கு அங்கே ஒரு திட்டம் வந்தது. படிப்பு, அனுபவம், சம்பளம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். தேறினால் கையில் வேலை இல்லாமலேயே போகலாம். ஆனால் பிரிட்டனையே இனி என் வீடாக்கிக் கொள்வேன் என்று உறுதி கூற வேண்டும். நான்கு வருடம் கழித்து நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாம். நம்பிப் போனவர்களில் நம் நாட்டவர் ஏராளம்.

2006 ஏப்ரலில் நான்கு வருடம் ஐந்தாயிற்று. நவம்பரில் இடியே விழுந்தது! ஏற்கனவே அங்கு குடியேறியவர்களும் விசாவை நீட்டிக்கப் புதிய மதிப்பெண் முறையில் தேற வேண்டுமாம். அனுபவத்துக்கு மதிப்பெண் போச்சு. வயது ஏற ஏற மதிப்பெண் இறங்கும். வயதைக் குறைக்க எந்த டுடோரியலில் போய்ச் சேருவது?

பாதிக்கப்பட்டவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. எச்.எஸ்.எம்.பி. ஃபோரம் என்று சங்கம் அமைத்து வழக்குப் போட்டார்கள். 2007 ஆகஸ்டில் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக் குழுவே அரசைக் கண்டித்தது. 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், முன்பே வந்தவர்கள்மீது புது விதியைத் திணித்தது நியாயமல்ல என்று தீர்ப்பளித்தது. அந்த நான்கு வருடத்தையும் 2009இல் இன்னொரு வழக்கில் மீட்டார்கள்.

எந்த நாட்டுக்கும் தன் வாசலை அகலமாக்கவோ குறுக்கவோ உரிமை உண்டு; அதை நான் மறுக்கவில்லை. நாளைக்கு வருபவனுக்குப் புதுச் சட்டம் போடட்டும். நேற்றே கூப்பிட்டு உட்கார வைத்தவனின் இலையை இழுப்பது என்ன நியாயம்?

அந்தப் பாடத்தை லண்டன் மறந்துவிட்டதோ என்னவோ! 2025 மே மாதம், ஐந்து வருடத்தைப் பத்தாக்கப் போவதாக அறிவித்தார்கள். நவம்பரில் வந்த திட்ட அறிக்கை, நிரந்தர அனுமதி பெறாமல் ஏற்கனவே அங்கே இருப்பவர்களையும் அதில் சேர்க்க யோசனை சொன்னது. பட்டப்படிப்பு தேவைப்படாத வேலைகளுக்குப் பதினைந்து வருடம்! முதியோரைக் குளிப்பாட்டி, சோறூட்டிக் கவனிக்க ஆளில்லை என்று 2022இல் அழைக்கப்பட்ட பராமரிப்பாளர்களும் இதில் அடக்கம். அந்த வருடம் போன ஒரு பெண், 2027இல் நிரந்தர அனுமதி கேட்கலாம் என்றுதான் விமானம் ஏறினாள். யோசனைப்படி கணக்குப் போட்டால் 2037!