கஞ்சி காய்ச்சலுக்கு மட்டுமா?

காய்ச்சல் வந்தால் கஞ்சி, வயிறு கெட்டால் கஞ்சி, வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் கஞ்சி. நல்ல உடம்போடும் கையில் காசோடும் இருக்கிறவர்கள் ராத்திரிக்குக் கஞ்சி குடித்தால், “என்னாச்சு, மேலுக்கு முடியலையா?” என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள். இந்த நினைப்பு மாற வேண்டும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பும் பெண் இருக்கிற வீட்டுக்கு, தேங்காய்ப்பால் ஊற்றிய கெட்டிக் கஞ்சியைவிடப் பொருத்தமான ராத்திரிச் சாப்பாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நெய்க்காரப்பட்டியில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சிப்பம் எடை போட்டு, லாரியில் ஏற்றி, பேரேட்டை மூடி வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கும் இதே கதைதான். ஒருத்தி கரும்புக்காட்டிலிருந்து வருவாள், ஒருத்தி மில் வேனிலிருந்து இறங்குவாள், ஒருத்தி பழனி ஜவுளிக்கடையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். வந்ததும் தோசைக்கல்லைப் போடுவார்கள். தோசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது சுடுகிறவளை நிற்க வைக்கிற பண்டம். ஆளுக்கு மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றாக வார்த்து, திருப்பி, தட்டில் போட்டு, எல்லாரும் கை கழுவிய பிறகு அவளுக்கு அடிமாவும் வழித்த சட்னியும் மிஞ்சும். அதையும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிறகு மிக்ஸி ஜார், மாவுப் பாத்திரம், சட்னிக் கிண்ணம், சாம்பார் சட்டி எல்லாம் கழுவக் காத்திருக்கும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதன்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை பார்த்த பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ம் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்குத்தான். கை வைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர். இதைப் படித்த நாளிலிருந்து ராத்திரிச் சமையலை நிமிடக் கணக்காகத்தான் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுக் கஞ்சி இதுதான். ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, ஒரு துண்டு பட்டை, பத்துப் பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி, கீறிய பச்சை மிளகாய் போட்டு வதக்க வேண்டும். பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டாக இருந்தால் நல்லது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது; ஒரு பல் நசுக்கினாலே அடுப்படி முழுக்க மணக்கும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் ஒரு டம்ளர் பச்சரிசி நொய், அரை டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஏழு டம்ளர் தண்ணீர், உப்பு. குக்கரில் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. கஞ்சி நுரைத்து ஏறி வெயிட்டை அடைத்துக்கொள்ளும். ஐந்து விசில் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு முகம் கழுவப் போகலாம். ஆவி அடங்கியதும் திறந்து, மத்தால் இரண்டு கடை கடைந்து, முருங்கைக்கீரையைத் தூவி ஒரு கொதி விட வேண்டும். தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து திரிதிரியாகிவிடும். அணைத்த சூட்டிலேயே அது கஞ்சியோடு கலந்து வெண்ணெய்போல் குழைந்து கெட்டியாக நிற்கும்.

அந்தக் கெட்டித்தன்மைக்கு வெளியிலிருந்து எதுவும் சேர்க்கத் தேவையில்லை. அரிசி உடைந்திருப்பதால் மாவுச்சத்து சீக்கிரம் வெளியே வந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. பருப்பு குழைந்து அதைத் தாங்குகிறது. கடையில் விற்கிற பாக்கெட் சூப்பில் இதே வேலையைப் பெரும்பாலும் கார்ன்ஃப்ளவர் செய்கிறது. இங்கே எனக்கு ஒரு ஆதங்கம். எங்கள் பக்கத்துக் காடுகளில் விளைகிற மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித்தீவனத்துக்குப் போகிறது. நாம் பாக்கெட்டில் அடைத்த சோள மாவைக் காசு கொடுத்து வாங்கி, வெந்நீரில் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். பால் பிடித்த இளங்கதிர் கிடைத்தால் உதிர்த்து இந்தக் கஞ்சியில் ஒரு கைப்பிடி போடுங்கள். பிள்ளைகள் மறு கிண்ணம் கேட்பார்கள்.

கஞ்சி ஏழைப் பண்டம், நோயாளிப் பண்டம் என்கிறவர்கள் ரமலான் மாதத்தில் ஏதாவது ஒரு பள்ளிவாசல் பக்கம் சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டும். விடியலில் இருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் பசியாறுவது நோன்புக் கஞ்சியில்தான். அந்த ருசிக்காக எல்லா மதத்துக்காரர்களும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒடியற்கூழ் காய்ச்சுவது கிட்டத்தட்ட ஒரு விருந்து. மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் வெந்து, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் கெட்டியாகும். குடும்பமே பானையைச் சுற்றி உட்கார்ந்து பனையோலையில் கோலிய பிளாவில் குடிக்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சூடாகக் கிடைக்கிறது, காய்ச்சியவளுக்கும் சேர்த்து. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ராத்திரி கஞ்சி குடித்தால் நடுச்சாமத்தில் பசிக்கும் என்பார்கள். வடித்த தண்ணிக் கஞ்சிக்கு அது சரி. பருப்பும் தேங்காயும் சேர்ந்தது விடிகிறவரை தாங்கும். சர்க்கரை நோய்க்காரர்கள் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது. குழைந்த நொய் சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. “அம்மிணி, நொய்யக் கொறச்சுக்க, பருப்பச் சேத்திப் போடு” என்று அவரே சொல்லிவிடுவார். அவர் உடம்புக்காக நொய்யில் பாதியைக் குறைத்து உடைத்த கம்பு போட்டு, கீரையை இரண்டு பங்காக்கி, அவருக்கு அளவாக ஒரு கிண்ணம் கொடுக்கிறேன். கீரை எங்கள் எல்லாருக்குமே வேண்டியதுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. முருங்கைக்கீரை மட்டும் அதைத் தீர்த்துவிடாது; ஆனால் கொல்லையில் மரத்தை வைத்துக்கொண்டு கீரையை ஆட்டுக்குப் போடுகிற வீடுகளைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே நொய்யும் வறுத்த பருப்பும் வெந்தயமும் கலந்து டப்பாவில் போட்டுவிடுகிறேன். வேலைநாளில் யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள்தான் குக்கரை ஏற்ற வேண்டும். பெரும்பாலும் அது என் வீட்டுக்காரர். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போன நாளில் பிளஸ் ஒன் படிக்கும் மகன். தோசை வட்டமாக வராது, மாவு புளித்துவிட்டதா என்று தெரியாது என்றெல்லாம் சொல்லி ஆண்கள் நழுவலாம். தண்ணீரை அளந்து ஊற்றி விசிலை எண்ணத் தெரியாது என்று எந்த ஆண்பிள்ளை சொல்ல முடியும்?