வராத நீருக்கு யார் வட்டி கட்டுவது?

அரசிடம் பணமில்லை, தனியார் பங்கேற்றால் பாசனத் திட்டங்கள் சீக்கிரம் முடிந்து சீராக ஓடும் என்பது வாதம். சுங்கச்சாலைக்குப் பொருந்தலாம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உட்கார்ந்து இதைப் பேசுகிறவர்கள் பக்கத்து மேட்டூரில் வைத்துக் கணக்குப் போடட்டும். முதலில் வரத்து. 2021இல் தொடங்கிவைக்கப்பட்ட, 565 கோடி ரூபாய் சரபங்கா நீரேற்றுத் திட்டம், மேட்டூர் அணையின் வெள்ள உபரியைத்தான் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். மேட்டூர் 120 அடியை எட்டாத ஆண்டுகள் எத்தனை! அப்போது முதலீட்டாளருக்கு யார் கொடுப்பது? அடுத்து வசூல். பம்புசெட்டுக்கு மின்சாரமே இலவசமான மாநிலத்தில் எந்தக் கட்சி ஏரித் தண்ணீருக்கு விலை வைக்கும்? இரண்டுக்கும் அரசே உத்தரவாதம் தருவதென்றால், தனியார் சுமப்பது எந்த நட்டத்தை?

திருப்பூரின் தனியார் பங்கேற்பு நீர்த் திட்டத்தைக் காட்டுவார்கள். அங்கே பவானி நீருக்குக் காசு கொடுக்கச் சாயப்பட்டறைகள் இருந்தன. அப்படியும் எதிர்பார்த்த அளவு விற்காமல் நிறுவனம் கடனில் சிக்கியது. பாசனத்திலேயே முன்னுதாரணம் வேண்டுமா? கர்நூல்–கடப்பா கால்வாயை வெட்டிய மதராஸ் பாசன நிறுவனத்துக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் இருந்தது. நிறுவனம் நினைத்த அளவு உழவர்கள் நீர் வாங்கவில்லை. 1882இல் அரசே அதை விலைக்கு வாங்கியது. அரசு மட்டும் ஒழுங்கா என்றால், இல்லைதான். அதற்குத் தாமதித்தால் அபராதம் போடும் கட்டுமான ஒப்பந்தம் போதுமே. தனியாருக்கு 30 ஆண்டு உரிமை எதற்கு?