லயத்திற்கும் கணக்குக் காட்டுக!

பதுளை மாவட்டத் தோட்டங்களில் தர்ம ஸ்தாபனங்கள் ஆற்றிவரும் தொண்டினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கட்டிய மலசலகூடங்கள் இத்தனை, பதித்த குழாய்கள் இத்தனை என எண்ணிக் காட்டுவது மட்டும் மதிப்பீடாகிவிடாது. திறப்பு விழா நடந்து ஈராண்டு சென்றபின் அக்குழாயில் நீர் வருகிறதா என்பதன்றோ கேள்வி?

அறிந்ததைச் செயலாக்கத் தவறுவதன் விலையை ஊவா நன்கறியும். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயமுண்டு, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்தது. எச்சரிக்கை ஏட்டிலே கிடந்தது. மக்கள் லயத்திலே கிடந்தனர். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று.

அத்தவறு அதிகாரத்திலிருந்தோருடையது; பாடமோ தொண்டு செய்வோர்க்கும் உரியது. அவர்தம் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுக் கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்கின்றன; லயத்திற்குத் திரும்புவது அரிது. ஆண்டுக்கொருமுறை அவ்வறிக்கை தோட்டத்திலேயே தமிழில் வாசிக்கப்படல் வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைக் கேட்டு, உள்ள குறையை உரைக்கவும், அக்குறை அடுத்த திட்டத்தில் திருத்தப்படவும் வேண்டும். குறையை ஒப்புக்கொள்ளும் ஸ்தாபனத்திற்கு நிதியை நிறுத்தும் வழக்கத்தைக் கொடையாளர் கைவிடல் வேண்டும்.

கொடுத்தவரிடம் காட்டும் கணக்கைப் பெற்றவரிடமும் காட்டுக!