மலையகத்தை ஆராய்வது யாருக்காக?

இலங்கை மலையகத்தில், அட்டன், நுவரெலியாப் பக்கம் பட்டம் முடித்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இன்று வெளிநாட்டு மேற்படிப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். 'சர்வதேச அபிவிருத்தி', 'அனைவரையும் உள்ளடக்கும் புத்தாக்கம்' என்று பாடத்துறைகளின் பெயர்களைப் பார்த்ததும், இதெல்லாம் என்ன படிப்பு என்று வீட்டார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு புதிய கருவியோ திட்டமோ வரும்போது அதனால் யாருக்கு நன்மை, யார் விடுபட்டுப் போகிறார்கள், அதை வடிவமைத்தவர்கள் யாரைக் கேட்டார்கள் என்று ஆராய்வது இந்தப் படிப்பின் ஒரு முக்கியப் பகுதி.

கொழுந்து நிறுக்கும் தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தராசு போய் டிஜிட்டல் தராசு வந்தால் எடை துல்லியமாகத் தெரியும். ஆனால் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோவைக் கழிப்பது தராசு அல்ல, மனிதர். மழையில் நின்று பறித்த பெண்ணுக்கு அன்று முழுப்பேரா (முழுநாள் சம்பளமா) அரைப்பேரா (அரைநாள் சம்பளமா) என்பது அந்தக் கழிவிலேயே தீர்ந்துவிடலாம். தராசு வாங்கும் முன் அவரைக் கேட்டிருந்தால், மொத்த எடை, கழிவு, மீதி மூன்றையும் தமிழில் அச்சிட்டுக் கையில் தரும் ஒரு துண்டுச்சீட்டைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸும் சக ஆய்வாளர்களும் அனைவரையும் உள்ளடக்கும் புத்தாக்கத்தை ஓர் ஏணியாக விளக்கினார்கள். ஏழைகளுக்கு உதவும் எண்ணம் இருப்பது கீழ்ப்படி. அவர்கள் அதைப் பயன்படுத்துவதும் பலன் பெறுவதும் அடுத்த படிகள். உருவாக்கத்தில் அவர்களும் பங்கெடுப்பது அதற்கும் மேலே. நிறுவனங்களும் அறிவை மதிக்கும் முறையுமே மாறுவது உச்சி. நம் தோட்டங்களுக்கு வந்த திட்டங்களில் மிகப் பல கீழ்ப்படிகளைத் தாண்டவில்லை. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு: 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையக மக்களின் பிரச்சினை பெருமளவு தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கே இல்லாதவரை யார் கேட்பார்கள்?

கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் நாடே பார்த்தது. இரசாயன உர இறக்குமதி ஏறக்குறைய ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு முடியுமுன்பே தடையை நீக்க வேண்டி வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கையில் வந்ததும் அதே ஆண்டுதான். உரமில்லாத செடியில் கொழுந்து குறைந்தால் முழுச் சம்பளத்துக்கு அன்று பறிக்க வேண்டிய கிலோவை எப்படி நிரப்புவது என்ற கேள்வி மலையில் நின்றவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

ஆராய்ச்சிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். லயன்களை (தோட்டத்து வரிசை வீடுகளை) பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள் நிறைய. வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில் பதில் சொன்ன பெண்ணிடம் அவை தமிழில் திரும்பி வந்தது அரிது. அகமதாபாத்தின் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய 'தேனீ' வலையமைப்பு இதற்கு ஒரு நெறி வைத்திருக்கிறது: மக்களிடம் பெற்ற அறிவை அவர்கள் பெயரோடு, அவர்கள் மொழியிலேயே திருப்பிக் கொடு. மதுரையிலிருந்து வெளியான 'நம்வழி வேளாண்மை' இதழ் அந்த வழியில் வந்ததுதான்.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். பிரிட்டனில் முதுமாணிப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. வகுப்புகளும் கடைசியில் ஓர் ஆய்வேடும் இருக்கும். கலாநிதிப் பட்டம் அப்படியல்ல, மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரே கேள்வியோடு வாழ வேண்டும். செவனிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கானது. அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசில் இன்னொரு வழி.

எங்கே போய்ப் படித்தாலும் ஆய்வுக் கேள்வியை உங்கள் தோட்டத்திலிருந்து எடுத்துப் போங்கள். எழுதி முடித்ததும் அதன் சாரத்தைத் தமிழில் பத்துப் பக்கங்களில் எழுதி, பதில் சொன்னவர்கள் முன் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தினால் திருத்துங்கள்.