இடது காலின் கணக்கு



பிக்கப் வாங்க நினைக்கிறவர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: லோடு வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர் தாங்குமா? கேட்பவர்களில் பலர் வீட்டுக்கு ஆட்டோமேட்டிக் கார் வாங்கி ஓட்டிப் பார்த்தவர்கள். காரில் சுகமாக இருக்கிறது. டன் கணக்கில் மூட்டை ஏற்றி மேடேறும் வண்டியில் அதே கியர்பாக்ஸ் என்ன பாடுபடுமோ என்பது அவர்கள் கவலை. ஒரு காலத்தில் இந்தக் கவலைக்கு நல்ல காரணம் இருந்தது. இன்று அதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்போம். கூடவே, வண்டி வாங்கும் பேச்சில் யாரும் கருத்துக் கேட்காமல் விட்டுவிடும் ஓர் ஆளைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும்.

பிக்கப் என்றால் அமெரிக்காவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே பண்ணைக்காரர், கட்டட வேலைக்காரர், படகையும் குதிரை டிரெய்லரையும் இழுத்துப் போகிறவர் என்று எல்லாருக்கும் அதுதான் வண்டி. அந்த நாட்டில் ஃபோர்டு எஃப்-150 இலிருந்து கிளட்ச் பெடல் 2008 மாடலோடு போனது. கனரகப் பிக்கப்புகளில் கடைசிவரை தாக்குப்பிடித்தது ராம். 2018 மாடலோடு அதுவும் நின்றுவிட்டது. அந்தக் கடைசி ஆண்டு ராம் 3500 வண்டியின் கணக்கைப் பாருங்கள். கம்மின்ஸ் 6.7 லிட்டர் டீசல் இன்ஜினை ஆறு கியர் மேனுவலோடு வாங்கினால் டார்க் 660 பவுண்டு-அடி, அதாவது ஏறத்தாழ 895 நியூட்டன் மீட்டர். அதே 6.7 லிட்டர் இன்ஜினை ஆட்டோமேட்டிக்கோடு வாங்கினால் 930 பவுண்டு-அடி வரை கிடைத்தது. அது ஏறத்தாழ 1,260 நியூட்டன் மீட்டர்.

மேனுவல் வண்டிக்கு இன்ஜினின் பலத்தைக் கம்பெனியே குறைத்துத்தான் கொடுத்தது. காரணம் எளிது. மேனுவலில் இன்ஜினின் முழு இழுவையும் ஒரு கிளட்ச் பிளேட்டின் உரசல் பிடியில்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. இழுவை கூடக்கூட அந்தப் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் கடினமாக வேண்டும். ஸ்பிரிங் கடினமானால் பெடலும் கனக்கும். மனிதனின் இடது கால் நாள் முழுக்க மிதிக்கக்கூடிய கனத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதோடு, பத்து டன் டிரெய்லரோடு மேட்டில் நிற்கும் வண்டியை ஓட்டுநர் கிளட்சை அவசரமாக விட்டு எடுத்தால் கியர்பாக்ஸ் பற்களுக்கு விழும் அடியையும் தயாரிப்பாளர் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஒரு பாத்திரத்துக்குள் எதிரெதிரே இரண்டு சக்கரங்கள், நடுவே எண்ணெய். இன்ஜின் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, வீசப்படும் எண்ணெய் மற்றதைச் சுழற்றுகிறது. எண்ணெயைத் திருப்பிவிட இடையில் ஒரு சிறு சக்கரமும் உண்டு. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இந்த அமைப்பு இழுவையை ஏறக்குறைய இரு மடங்காக்கித் தருகிறது. மேட்டில் பாரத்தோடு வண்டி எடுக்கும்போது நமக்கு வேண்டியது சரியாக இதுதான். தீய்வதற்கு அங்கே பிளேட்டும் இல்லை.

நம் ஊரிலும் சாட்சி இருக்கிறது. 2022 இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் இன்ஜின் ஒன்றே, 2.8 லிட்டர் டீசல். மேனுவலோடு 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கோடு 500. மறுபடி அமெரிக்காவுக்குப் போனால், ஜீப் கிளாடியேட்டர் பிக்கப்பின் 2020 மாடல் ஆட்டோமேட்டிக்கில் சுமார் 3,470 கிலோ வரை இழுக்க அனுமதி பெற்றது. மேனுவலில் அதிகபட்சம் 2,040 கிலோதான். தாங்குமா என்ற கேள்விக்கு வண்டி செய்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கும் பதில் இவை.

இந்தக் கதையில் ஒரு மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன். ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். பழைய லாரிகளில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு டபுள் கிளட்ச் தெரியும்: ஒரு தடவை மிதித்து நியூட்ரல், மறுபடி மிதித்து அடுத்த கியர்; தப்பினால் பல் நறநறவென்று கத்தும். அந்தக் கஷ்டத்தைத் தீர்த்த சின்க்ரோமெஷ் தாம்சனின் கண்டுபிடிப்பு. 1928 இல் கேடிலாக் காரில் வந்தது. இன்று எந்த மேனுவல் வண்டியிலும் கியர் வழுக்கிக்கொண்டு விழுவது அவரால்தான். அதே தாம்சன் அடுத்து கிளட்ச் பெடலையே எடுத்துவிடப் புறப்பட்டார். அவர் தலைமையிலான குழு ஜெனரல் மோட்டார்ஸில் உருவாக்கிய ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது. பெரிய அளவில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். மேனுவலை மனிதருக்கு எளிதாக்கியவரும் ஆட்டோமேட்டிக்கைத் தந்தவரும் ஒருவரே. இரண்டையும் எதிரிகளாக நிறுத்திப் பேசும் சண்டைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

ஹைட்ராமேட்டிக் வந்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு கேடிலாக் இன்ஜின்களோடு இரண்டு ஹைட்ராமேட்டிக்குகளைப் பொருத்திப் போர்க்களத்துக்கு அனுப்பினார்கள். போரில் கை கால் இழந்து திரும்பிய வீரர்களுக்காக ஓல்ட்ஸ்மொபைல் 'வேலியன்ட்' என்றொரு திட்டமே நடத்தியது. ஹைட்ராமேட்டிக் இருந்ததால் இடது கால் இல்லாதவரும் காரை ஓட்ட முடிந்தது. டாங்கியை நகர்த்திய அதே பெட்டி ஒரு மனிதருக்கு அவர் நடமாட்டத்தைத் திருப்பித் தந்ததுதான் என் மனதில் பெரிதாக நிற்கிறது. 1950களின் முதல் பாதியிலேயே அமெரிக்கப் பிக்கப்புகளில் ஆட்டோமேட்டிக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பண்ணைக்காரர்கள் பல பத்தாண்டுகள் மேனுவலை விடவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. செவர்லே பிக்கப்புகளில் வந்த நான்கு கியர் பெட்டி ஒன்றின் முதல் கியர் விகிதம் 6.55. அந்தக் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் வயலில் ஊர்ந்து போகும். கூடவே நடந்து வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டே போகலாம். அந்தக் காலத்து மூன்று கியர் ஆட்டோமேட்டிக் இதைச் செய்யவில்லை. எரிபொருளை அதிகம் குடித்தது, எண்ணெய் சூடேறிச் செத்தது. பழைய பயம் அங்கிருந்து வந்ததுதான். இப்போது டார்க் கன்வெர்ட்டருக்குள், வண்டி ஓடத் தொடங்கியபின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்கப் கிளட்ச் இருக்கிறது, எட்டும் பத்துமாகக் கியர்கள் இருக்கின்றன.

இனி நம் சாலைக்கு வருகிறேன். இங்கே ஓடும் பொலிரோ பிக்கப், ஓசூரில் தயாராகும் தோஸ்த், நாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் எல்லாம் சிறிய இன்ஜின் வண்டிகள். ராம் வண்டியில் கிளட்ச் தாங்காமல் போனது போன்ற நெருக்கடி இவற்றில் கிடையாது. அதனால் அமெரிக்காவின் முடிவை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. இங்கே மேனுவலுக்கு உண்மையான பலங்கள் உண்டு. விலை குறைவு. கிளட்ச் செட் எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும். சாலையோர மெக்கானிக் பெரும்பாலும் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவார். ஆட்டோமேட்டிக் பெட்டியில் கோளாறு வந்தால் ஸ்கேனரும் பயிற்சியும் உள்ள ஆளைத் தேடி நகரத்துக்கு வண்டியை ஏற்றி அனுப்ப வேண்டும். அன்றைய வாடகை போச்சு, மறுநாள் வாடகையும் போச்சு. ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவர்கள் மேனுவலைத் தேர்ந்தெடுத்தால் சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

மலைச் சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீலகிரியிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் வண்டிகளுக்கு இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லி வழியில் பலகைகள் இருக்கும். மேனுவல் ஓட்டுநருக்கு அது உடம்பில் ஊறிய பழக்கம். ஆட்டோமேட்டிக்கை டி-யிலேயே விட்டு இறங்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் சில பெட்டிகள் மேல் கியருக்குத் தாவிவிடும். வேகம் ஏறும், பிரேக் சூடாகும், கொஞ்ச நேரத்தில் பெடல் மிதித்தும் பிடிக்காது. பாரத்தோடு இறங்கும்போது லீவரை மேனுவல் மோடுக்குத் தள்ளி இரண்டில் நிறுத்துங்கள், அல்லது எல்-இல் போடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதை எந்த வண்டியிலும் செய்யாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஏ.எம்.டி. என்று விற்கப்படுவது வேறு வகை என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. மிதிக்கும் வேலையை மோட்டார் செய்கிறது. பாரத்தோடு மேட்டில் நெரிசலில் ஊர்ந்தால் மேனுவலைப் போலவே அந்தப் பிளேட்டும் தீயும்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த ஆளுக்கு வருகிறேன். லோடு வண்டியை வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் பல இடங்களில் வேறொருவர். விலை, மைலேஜ், ரிப்பேர் செலவு மூன்றும் முதலாளியின் நோட்டில் வருகின்றன. கோயம்பேட்டு நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே நிற்கும் இடது முட்டி எந்த நோட்டிலும் வருவதில்லை. விடியற்காலை லோடு இறக்கிவிட்டு, அடுத்த நடைக்கு வண்டி எடுக்கும் முன் கீழே நின்று காலை உதறிக்கொள்ளும் ஓட்டுநர்களை மண்டிகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடுப்பு வலி, முட்டி வலி என்று அவர் வீட்டில் செலவாகும் தைலத்தையும் மாத்திரையையும் ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதலாகக் கேட்கும் விலையோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நகரத்துக்குள்ளேயே நாளெல்லாம் நின்று நின்று ஓடும் வண்டி, பக்கத்தில் நல்ல சர்வீஸ் வசதி, சம்பளத்துக்கு ஓட்டுநர். இந்த மூன்றும் சேர்ந்தால், கிளட்ச் மிதிக்க வேண்டாத வண்டி கைக்கு எட்டுகிறதா என்று தேடிப் பாருங்கள்.

சின்ன வண்டிகளில் அந்தத் தேடலுக்கு மின்சார வண்டிகள் வழி திறந்திருக்கின்றன. 2022 இல் வந்த டாடா ஏஸ் இ.வி.யில் கிளட்சும் இல்லை, மாற்றக் கியரும் இல்லை. இறக்கத்தில் மோட்டாரே வண்டியின் வேகத்தைப் பிடித்துக் குறைத்து, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தையும் திருப்பித் தரும். மலைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: மேலே பேட்டரியை முழுதாக நிரப்பிவிட்டு உடனே இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. அந்தப் பிடிமானமும் குறைந்துவிடும்.

வரும் இதழ்களில் இந்தப் பேச்சைத் தொடரப் போகிறோம். வண்டி முதலாளிகள் வழக்கம்போல் எழுதுங்கள். இந்த முறை உங்கள் ஓட்டுநரையும் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு எழுத நேரமில்லை என்றால் அவர் சொல்லச் சொல்ல வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். என்ன வண்டி, எந்த வழித்தடம், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை கிளட்ச் செட் மாற்றினீர்கள், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயில் எப்போது மாற்றினீர்கள், நாள் முடிந்து இறங்கும்போது கால் எப்படி இருக்கிறது. இவ்வளவு போதும்.

அன்புடன்,
ஆசிரியர்