மோர்தானா கரையில் நமக்கும் ஒரு கூடாரம்

மோர்தானா அணை நிரம்பி வழிகிறது என்ற செய்தி வந்துவிட்டால் போதும், குடியாத்தத்திலிருந்து அணைக்குச் செல்லும் சாலையில் ஞாயிறுதோறும் வண்டிகள் வரிசை கட்டும். ஆந்திர எல்லைக் காடுகளிலிருந்து இறங்கி வரும் கவுண்டன்யா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை இது. உயரம் 11.5 மீட்டர்; கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. சுற்றிலும் குன்றுகள், காப்புக்காடு. இங்கே படகு விட வேண்டும், தூண்டில் போட இடம் வேண்டும், கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க வழி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்த ஆசை நமக்கும் உண்டு. கூடவே ஒரு கேள்வியும் உண்டு. அந்தக் கரையில் யார் உட்காருவார்கள், யார் எச்சில் இலை எடுப்பார்கள்?

"குடிநீருக்கே அல்லாடும் சேரிக்குப் படகு சவாரி ஒரு கேடா?" என்று நம்மவர்களே சிலர் கேட்கக்கூடும். அவர்கள் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றோடு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும், மக்கள் கூடும் பொது இடங்களையும் அது ஒரே வரிசையில் வைக்கிறது. சாதியின் பெயரால் இவற்றில் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. குடிக்கும் உரிமையையும் கூடிக் களிக்கும் உரிமையையும் சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

ஆனால் சட்டம் காகிதத்தில் வருவது வேறு, கால் தண்ணீரில் படுவது வேறு. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றுச் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று கையில் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தீர்மானத்துக்கு உயிர் இல்லை. சென்னை மாகாணச் சட்டசபையில் 1924இல், பொதுச்சாலையும் குளமும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவர் நம் இரட்டைமலை சீனிவாசன். நூறாண்டு கடந்தும் அந்தத் தீர்மானம் எட்டாத ஊர்கள் இருக்கின்றன.

நம் தோல் மண்டலத்தில் தண்ணீரோடு நமக்குள்ள உறவு என்ன? ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரில் நின்று சுண்ணாம்புக் குழியிலும் உருளைப் பீப்பாயிலும் தோலைப் புரட்டியவர்களில் பெரும்பங்கு நம் மக்கள். கழிவாக வெளியேறிய அதே தண்ணீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த தொழிலாளர்கள் மேல் கழிவுச்சேறு பாய்ந்து 10 பேர் மாண்டார்கள். தண்ணீர்க் கரையில் இரவு தங்குவது சிலருக்கு விடுமுறை. அந்தப் பத்துப் பேருக்கு அது மரணமாயிற்று.

வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததையும் மறக்க முடியாது. பாதை மறுக்கப்பட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. ஆற்றங்கரைக்குப் பிணமாகப் போகவே வழியில்லாத சமூகம், அணைக்கரைக்கு விருந்தாளியாகப் போக விரும்புவது பேராசை அல்ல, நியாயம்.

வசதி உள்ளவர்களுக்கு ஏலகிரியில் விடுதி இருக்கிறது, புங்கனூர் ஏரியில் படகு இருக்கிறது. ஆறு நாள் ஷூ கம்பெனியில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் ஆம்பூர்ப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? காட்டோரம் நாலு கல்லைக் கூட்டிச் சோறாக்கலாம் என்றால், காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். காட்டைக் காக்க அந்தச் சட்டம் தேவைதான். அதனால்தான், அனுமதியோடும் பாதுகாப்போடும் ஏழை எளியவர்கள் தங்கிவர ஓர் ஏற்பாட்டை அரசே செய்ய வேண்டும் என்கிறோம்.

அதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோவை மாவட்டம் காரமடை அருகே, பில்லூர் அணையின் நீர்ப்பரப்பையொட்டி இருக்கிறது பரளிக்காடு. வார இறுதி நாட்களில், முன்பதிவு செய்து வருகிறவர்களை அங்குள்ள இருளர் மக்கள் பரிசலில் ஏற்றிச் செல்கிறார்கள். மதிய உணவைப் பழங்குடிப் பெண்கள் சமைக்கிறார்கள். பக்கத்தில் பூச்சமரத்தூரில் தங்குவதற்குக் குடில்களும் உண்டு. ஏற்பாடு வனத்துறையுடையது, உழைப்பும் வருமானமும் அந்தக் காட்டு மக்களுடையவை. வெளியூர் முதலாளி ஒருவர் வேலி போட்டு, உள்ளூர்க்காரரைக் காவலாளியாக நிறுத்தும் கதை அங்கே நடக்கவில்லை.

மோர்தானாவிலும் அப்படித்தான் தொடங்க வேண்டும். பரிசல் தள்ளுவதும் சமைப்பதும் வழிகாட்டுவதும் அணையைச் சுற்றியுள்ள நிலமற்ற தலித், இருளர் குடும்பங்களின் குழுக்களிடம் இருக்க வேண்டும். கணக்கும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து ஞாயிறுகளில் அரசுப் பேருந்து ஓட வேண்டும். கார் வைத்திருப்பவர் மட்டும் வரக்கூடிய இடத்தைப் பொது இடம் என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு ஆண்டில் ஒருமுறையாவது அங்கே கட்டணமில்லா முகாம் வேண்டும். அங்கே நீச்சல் சொல்லித் தரட்டும். பாலாற்றுக் கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாமல் வளரும் பிள்ளைகள் நம்மிடம் அதிகம்.

மீனுக்கு வருவோம். ஏரியானாலும் அணையானாலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. முன்பணம் கட்ட முடிந்தவர் கைக்கு அது போகிறது. மற்றவர்கள் கூலிக்கு வலை இழுக்கிறார்கள், அல்லது ஒளிந்து தூண்டில் போடுகிறார்கள். ஜிலேபிக் கெண்டை நாலு பிடித்த சிறுவன் திருடனாகிறான். உள்ளூர் தலித், பழங்குடி கூட்டுறவுச் சங்கங்களுக்கே முன்னுரிமைக் குத்தகை தர வேண்டும். கரையில் ஒரு பகுதியைத் தூண்டில்காரர்களுக்கென்று விட்டுவிட வேண்டும்.

கூடாரம் என்றால் சமையலும் உண்டு. ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தபோது மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடம் இல்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. திருவிழா, மழையைக் காரணம் காட்டி ஒத்திவைக்கப்பட்டது. அணைக்கரைச் சமையற்கூடத்திலும் நம் சட்டிக்குத் தடை வரக் கூடாது. "எல்லோரும் வரலாம், உங்கள் சோறு மட்டும் வேண்டாம்" என்பதும் தீண்டாமையே.

நமக்கும் கடமை உண்டு. மோர்தானாவை அடுத்த ஆந்திரக் காடு கவுண்டன்யா யானைகள் சரணாலயம். குடியாத்தம், பேரணாம்பட்டு ஓரங்களுக்கு யானைகள் வந்துபோகின்றன. ஆகவே வருகிறவர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். ஒலிபெருக்கியும் மதுப்பாட்டிலும் கூடாது. உயிர்காப்பு உடையின்றி ஒருவரும் பரிசல் ஏறக் கூடாது. கால்வாய்களின் வழியே ஏரிகளுக்குப் போகும் பாசன நீரில் ஒரு சொட்டும் படகுக்காக நிறுத்தப்படக் கூடாது. டேனரிக் கழிவு ஓர் ஆற்றைக் கொன்றதைக் கண்ணால் கண்ட நாம், இன்னோர் ஆற்றின் தலையில் குப்பை கொட்டக் கூடாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தெளிவாக இருக்கிறது. ஊரின் பொதுச் சொத்தையோ, ஆறு, குளம், படித்துறையையோ பிறரைப் போலப் பயன்படுத்த விடாமல் தலித், பழங்குடியினரைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். மாணவர்கள் இந்தப் பிரிவை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை கூடுகிறது. மகாத் நாளுக்கு இரண்டே நாள் தள்ளி வரும் நாள் அது. அணையைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் நம் பெண்களும் இளைஞர்களும் எழுந்து நின்று கேட்க வேண்டும்: எங்கள் ஏரியின் மீன் குத்தகை யாரிடம், எவ்வளவுக்கு? மோர்தானா கரையில் படகு வந்தால் துடுப்பு யார் கையில்? பதில் வாயால் போதாது. கேள்வியையும் பதிலையும் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.