அந்தச் சிவப்புப் பொத்தான்

2024இல் தமிழக அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது சொன்ன கணக்கு 79,723 பேர். 22,931 பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை என்பது அதோடு சேர்ந்து வந்த கணக்கு. ஏற்காட்டு அடிவாரத்தை ஒட்டி, கொண்டப்பநாயக்கன்பட்டி சுற்றுவட்டாரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற நாங்களும் அந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள்தான். கருவி கைக்கு வந்துவிட்டது. வகுப்பில் அதை எப்போது எடுப்பது, எப்போது மூடி வைப்பது என்பதைத்தான் இப்போது ஒருவருக்கொருவர் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

எல்லாரும் தொடங்குவது வீடியோவில். பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாட்டு வரும், படம் அசையும், வகுப்பு வாய் திறக்காமல் பார்க்கும். மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அந்தப் பத்து நிமிட அமைதி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தொடக்கப்பள்ளியில் டேப் அதிகம் உதவுவது வீடியோவுக்கு என்று நான் நினைக்கவில்லை. ஒலிப்பதிவுச் செயலியில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பத்தி படிக்கச் சொல்லி, காது கொடுத்துக் கேட்க ஆளுக்கு மூன்று நிமிடம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். பாடவேளையோ அதில் பாதிகூட இருக்காது. அதனால் எந்தப் பள்ளியிலும் முதலில் விடுபடுகிற வேலை இதுதான். சத்தமாகப் படிக்கிற நாலு பிள்ளைகள் வகுப்புக்காகப் படிக்கும். மற்றவை கூடவே வாயசைக்கும். கடைசி வரிசையில் ஒரு குழந்தை எழுத்துக் கூட்டுகிறதா, பக்கத்துப் பிள்ளையைக் கேட்டு மனப்பாடமாகச் சொல்கிறதா என்பது பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியவரும்.

ஒலிப்பதிவு இந்த ஒன்றரை மணி நேரத்தை வாரம் முழுக்கப் பிரித்துக் கொடுக்கிறது. நாளுக்கு ஐந்தாறு பிள்ளைகள். டேப் வராந்தாவில் ஒரு ஸ்டூல்மேல் இருக்கும். ஒவ்வொருவராகப் போய், பெயரைச் சொல்லி, பத்தியைப் படித்துவிட்டு வருவார்கள். மதிய இடைவேளையில் நான் கேட்பேன். ஆனால் நான் கேட்பதைவிட அவர்கள் கேட்பதுதான் பெரிய மாற்றத்தைச் செய்கிறது. அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா வெள்ளிப் பட்டறையில் வேலை, அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குரலே வராது. வராந்தாவில் தனியாகப் படித்தாள். கேட்கக் கொடுத்தேன். முதலில் சிரித்தாள், பிறகு முகம் மாறியது. “டீச்சர், நான் இப்படி நிறுத்தி நிறுத்தியாங்க படிக்கிறேன்?” என்றாள். “எங்கெங்க நிக்குதுன்னு நீயே சொல்லு கண்ணு” என்றேன். மறுபடி ஓடவிட்டு, புத்தகத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்தாள். “இன்னொருக்கா படிக்கிறனுங்க டீச்சர்.” நான் திருத்தியிருந்தால் தலையாட்டியிருப்பாள். அவளே கேட்டதால் தன் பிழையைத் தானே பிடித்தாள். வரி தாண்டிப் படிப்பதை, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குவதை, ‘ழ’வை ‘ள’ ஆக்குவதை எட்டு வயதுக் குழந்தைகள் தங்கள் குரலிலேயே கண்டுபிடிக்கிறார்கள். வேறு எந்தப் பாடப்பொருளும் இதை இவ்வளவு சுளுவாகச் செய்து நான் பார்த்ததில்லை.

இந்த வழியை எனக்குச் சொன்னது எந்தப் பயிற்சி வகுப்பும் அல்ல. பக்கத்து வகுப்பு எடுக்கும் இளைய ஆசிரியை. “அக்கா, நீங்க டேப்பைக் காட்டுறதுக்கே வச்சிருக்கீங்க. ஒரு நாள் கேக்குறதுக்கு வச்சுப் பாருங்க” என்றார். சின்ன நுணுக்கங்களும் அவர் சொன்னவைதான். பதிவு செய்யும்போது ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் ஏதாவது அறிவிப்புச் சத்தம் வந்து பிள்ளையின் கவனம் போய்விடும். மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், இரைச்சல்தான் பதிவாகும். கோப்புக்குக் குழந்தையின் பெயரும் தேதியும் போடுங்கள். ஜூன் மாதப் பதிவையும் டிசம்பர் மாதப் பதிவையும் அடுத்தடுத்துப் பெற்றோரிடம் போட்டுக்காட்டலாம். மழைக்காலத்தில் சேர்வராயன் மலைப்பக்கம் மேகம் இறங்கினால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும் எங்கள் ஊருக்கு இது இன்னொரு வசதி. ஒலிப்பதிவுக்கு இணையம் வேண்டாம்.

ஸ்மார்ட் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரை வருவதற்கு முன்பே தமிழகத் தொடக்கப்பள்ளியில் வகுப்பறையின் முகம் ஒருமுறை மாறியது. 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையைத் தழுவி, செயல்வழிக் கற்றல் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பெஞ்சு போனது, பாய் வந்தது. சுவரைச் சுற்றிக் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்குமேல் கம்பிப் பந்தல் கட்டி, குழந்தைகள் வரைந்தவற்றையும் எழுதியவற்றையும் தொங்கவிட்டோம். அட்டை, ஏணிப்படி என்று குழந்தை தன் வேகத்தில் ஏறியது. அந்த முறையில் குறைகளும் இருந்தன. அட்டையை எண்ணுவதே வேலையாகிப்போன பள்ளிகளை நான் அறிவேன். ஆனால் ஆசிரியர் தரையில், பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அதன் அருமை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்போது சுவரில் பெரிய திரை ஏறியதும் எல்லாரும் மறுபடி ஒரே திசையைப் பார்க்கிறார்கள். பாயை மடித்து வரிசையாகப் போட்டுவிட்டோம். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. ஒரே வீடியோவை மூன்று நிலைக்கும் ஓட்டினால் அரும்புக்குப் புரியாது, மலருக்குச் சலிக்கும். திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எரிமலையையும் கடலடியையும் காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதற்குப் போதும்.

குழந்தையின் கையில் கருவியைக் கொடுப்பது புதிய யோசனையும் அல்ல. செலஸ்டீன் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நெடுநேரம் சத்தமாகப் பேசிப் பாடம் நடத்த உடம்பு இடம்கொடுக்கவில்லை. 1920களில் தென்பிரான்சின் ஒரு கிராமப் பள்ளியில் வகுப்புக்குள் சிறிய அச்சு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக்கோத்து அச்சடித்தார்கள், வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து வந்ததைப் படித்தார்கள். நம் பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம், பரிதேவாடி கிராமத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்த ரஞ்சித்சிங் திஸாலே. பாடநூல் பிள்ளைகளின் வீட்டு மொழியில் இல்லை என்று கண்டு, அதைக் கன்னடத்துக்கு மாற்றினார். பாடங்களோடு க்யூஆர் கோடு சேர்த்து, ஒலியும் காட்சியும் எட்டச் செய்தார். 2020இல் உலக ஆசிரியர் விருது கிடைத்தபோது பத்து லட்சம் டாலர் பரிசில் பாதியை மற்ற ஒன்பது இறுதிப் போட்டியாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். ‘க்யூஆர் கோடு ஆசிரியர்’ என்றே அவரைப் பலர் சொல்கிறார்கள். பிள்ளைகளின் மொழியைத் தேடிப் போன ஆசிரியர் என்றுதான் நான் சொல்வேன்.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பெரு நாட்டில் கிராமத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், கொரோனா காலத்தில் நாமே பார்த்தோம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்தப் பணியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல வீடுகளில் பாடம் என்று இருந்தது அது ஒன்றுதான். ஆனாலும் 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகள் திறந்தபோது, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை மீட்டதில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மாலையில் தெருத்திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளை படிப்பதைக் கேட்டவர்கள் அவர்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். குழந்தையின் குரல் அந்தக் குழந்தையுடையது. தட்டுத்தடுமாறிப் படிப்பதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், நன்றாகப் படிப்பதை ஸ்டேட்டஸில் வைத்துப் பெருமைப்படுவதும் இரண்டும் தவறு. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது அடிப்படை மரியாதை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் சொல்லி, சம்மதம் கேட்டு, ஆண்டு முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இனி கேட்க வேண்டியது நேரம். வருகைப்பதிவு ஒரு செயலியில், மதிப்பீடு இன்னொன்றில் என்று டேப் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பும் பெட்டியாகிவிட்டால், பிள்ளைகளுக்கு அது எட்டாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தரலாம். பிபிடி வேண்டாம். ஐந்து ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு பாடம். டேப்பை எந்த இடத்தில் எடுத்தார்கள், ஏன் மூடினார்கள் என்று பிள்ளையின் நோட்டையும் பதிவையும் வைத்துக்கொண்டு பேசட்டும். கன்னங்குறிச்சியில் ஒருவர் செய்தது செட்டிச்சாவடியில் ஒருவருக்கு உதவும். எங்கள் பக்கம் அடுத்த கூட்டத்துக்கு நானும் அந்த இளைய ஆசிரியையும் இரண்டு பதிவுகளைக் கொண்டுபோவதாக இருக்கிறோம். பெற்றோர் சம்மதம் கேட்டாயிற்று.